சைக்கிள் பாகங்கள் இறக்குமதி: ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண், ஒரு நாடு

கோயம்புத்தூரில் சிறிய சைக்கிள் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: தைவானில் உள்ள வியாபாரியிடமிருந்து ஃபிரேம், ஃபோர்க், கியர் செட், செயின், டயர், விளக்கு, கைப்பம்பு எல்லாவற்றையும் ஒரே சரக்காக வரவழைக்கப் போகிறேன். இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் 8714 என்று ஒரே சுங்க வரி எண், தைவான் என்று ஒரே நாடு. ஆனால் மாதிரிக்கு வந்த பெட்டிகளில் சில மலேசியாவில் செய்தவை, சில சீனாவில் செய்தவை என்று அச்சாகியிருக்கிறது. இன்வாய்ஸில் உள்ளபடியே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) போட்டுவிடலாமா? எழுதியிருப்பது ஒரு கேள்விதான். ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த வரி எண்? பாகங்கள் எல்லாம் சேர்ந்து வந்தால் முழு சைக்கிள் என்று வரி போட்டுவிடுவார்களா? வாங்கிய நாட்டை எழுதுவதா, செய்த நாட்டை எழுதுவதா? மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் தெளிவு வரும்.

சென்னையில் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலையில் 20 வருடங்களுக்கு மேல் இருக்கிறேன். சுங்கத் தரகர் ஊழியருக்கான ஜி கார்டு வாங்கி, கையில் ஃபைலோடு ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸ் படிகளில் ஏறி இறங்கியதில் தொடங்கியது. அந்த அனுபவத்திலிருந்து முதலில் சொல்வது: இன்வாய்ஸில் உள்ளபடியே போடாதீர்கள். வெளிநாட்டு வியாபாரி எழுதும் எண் அவருடைய ஏற்றுமதி வசதிக்காக எழுதியது. இங்கே 1962ஆம் வருட சுங்கச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி வரியைத் தானே கணித்துச் சொல்ல வேண்டியவர் இறக்குமதியாளர். பில் ஆஃப் என்ட்ரியில் உள்ள விவரங்கள் சரியானவை, முழுமையானவை என்பதற்கு 46(4A) பிரிவு பொறுப்பாக்குவதும் அவரைத்தான். பின்னால் நோட்டீஸ் வரும்போது தைவான் வியாபாரியின் பெயருக்கு வராது, உங்கள் பெயருக்குத்தான் வரும்.

எண்ணிலிருந்து தொடங்குகிறேன். முதல் ஆறு இலக்கங்கள் உலக சுங்க அமைப்பின் ஒத்திசைவு முறைப்படி ஏறக்குறைய எல்லா நாடுகளுக்கும் பொது. கடைசி இரண்டு நம் நாட்டுக்கு உரியவை. மோட்டார் இல்லாத முழு சைக்கிள் 8712. அதன் பாகங்கள் 8714. அந்த 8714க்குள் ஃபிரேம், ஃபோர்க் 8714.91, ரிம், ஸ்போக்ஸ் 8714.92, சாதாரண ஹப், ஃப்ரீவீல் பல்சக்கரம் 8714.93, பிரேக் எல்லாம் 8714.94, பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் ஹப்பும் இதில்தான், அது ஹப் என்பதற்காக 93க்குப் போகாது, சீட் 8714.95, பெடல், கிராங்க் 8714.96, மிச்சம் எல்லாம் 8714.99. செயினை நகர்த்திக் கியர் மாற்றும் டிரெய்லியர் (derailleur), ஹேண்டில்பார், மட்கார்டு, ஸ்டாண்டு இந்த மிச்சத்தில் வரும். இதுவரை சொன்னதில் தகராறுக்கு இடமில்லை. நிறையப் பேர் எல்லாவற்றையும் 8714 99 90 என்ற ஒரே கடைசி எண்ணில் போட்டுவிடுகிறார்கள். பெயர் சொல்லி ஓர் எண் இருக்கும்போது மிச்ச எண்ணுக்குப் போவது தவறு. இன்றைக்கு இரண்டுக்கும் வரி ஒன்றாகவே இருந்தாலும், அடுத்த பட்ஜெட்டில் வேறாகலாம்; வேறானால் பழைய ஃபைல்களையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

சைக்கிளில் மாட்டுவதெல்லாம் 8714 இல்லை. இதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள். 8714 உட்பட வாகனங்கள் அடங்கியது வரி அட்டவணையின் பதினேழாம் பிரிவு (மேலே சொன்ன சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு). அந்தப் பிரிவின் இரண்டாவது குறிப்பு, வாகனத்தில் பூட்டுவதற்கென்றே செய்யப்பட்டிருந்தாலும் சில பொருள்கள் இந்தப் பிரிவுக்குள் வராது என்று பட்டியல் போட்டு வெளியே தள்ளுகிறது. அதன்படி விளக்கு 8512.10க்குப் போகும். ஸ்பீடோமீட்டர் 9029. கைப்பம்பு 8414.20. பேரிங்கும் பால்ரஸ் குண்டும் 8482. ஆனால் குண்டு நன்றாகப் பாலிஷ் செய்யப்பட்டு அளவு வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் 0.05 மில்லிமீட்டருக்கும் உட்பட்டிருந்தால்தான் 8482, இல்லாவிட்டால் 7326. சாதாரண போல்ட், நட்டு 7318. பூட்டு 8301. டயர் 4011.50, டியூப் 4013.20. ஹெல்மெட் பாகமே அல்ல, அது 6506.10. விளக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹேண்டில்பாரில் நிலையாகப் பொருத்தும் விளக்கு 8512. கழற்றிக் கையில் டார்ச்சாகவும் பிடிக்கலாம் என்று விற்கும் சார்ஜ் விளக்கு 8513தானே என்ற கேள்வி வரும். அந்த வகை வாங்குவதாக இருந்தால் அதன் கேட்டலாக் பக்கத்தை ஃபைலில் வைத்திருங்கள்.

இப்போது செயின். உங்கள் பட்டியலில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். நம் அட்டவணையில் 8714 99 10 என்ற எண்ணுக்கு எதிரே 'சைக்கிள் செயின்' என்றே எழுதியிருக்கிறது. அதற்கடுத்த 8714 99 20 'சைக்கிள் வீல்'. பார்த்தவுடன் செயினுக்கு விடை கிடைத்துவிட்டது என்று தோன்றும். ஆனால் ரோலர் செயினுக்கென்று 7315 11 00 என்ற எண்ணும் இருக்கிறது. பதினேழாம் பிரிவின் அதே இரண்டாவது குறிப்பு 'பொதுப் பயன்பாட்டுப் பாகங்களை' வெளியே தள்ளுகிறது. பொதுப் பயன்பாட்டுப் பாகம் எது என்று அட்டவணையின் பதினைந்தாம் பிரிவுக் குறிப்பைப் பார்த்தால் அங்கே 7315 பெயர் சொல்லி நிற்கிறது. வகைப்பாட்டின் முதல் விதிப்படி நான்கு இலக்கத் தலைப்பும் குறிப்புகளும்தான் முதலில் பேசும். அவை 8714ஐ மூடிவிட்டால், அதற்குக் கீழே உள்ள எட்டு இலக்க எண்ணுக்கு எதிரே என்ன பெயர் எழுதியிருந்தாலும் அங்கே போக வழியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அட்டவணையிலும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் வகை ரோலர் செயினுக்கு 7315 11க்குக் கீழேதான் தனி எண் இருக்கிறது. என் வாசிப்பில் 7315 11 00 பக்கமே பலம் அதிகம். ஆனால் இதை ஃபிரேமையும் சீட்டையும் சொன்ன அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். நம் அட்டவணையே ஓர் எண்ணைப் பெயர் போட்டுத் திறந்து வைத்திருக்கும்போது, அதைக் காட்டி வாதாடும் அதிகாரியும் இருப்பார், ஆலோசகரும் இருப்பார். செயின் பெரிய அளவில் வரப்போகிறது என்றால் இதற்கு மட்டுமாவது முன்கூட்டிய தீர்ப்பு வாங்குங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வேறு சில சந்தேகங்களும் உண்டு. பிரேக்கும் கியரும் ஒன்றாகச் சேர்ந்த லீவர் 8714.94ஆ, 8714.99ஆ? பிரேக்கின் பாகம் என்று ஒரு வாதம், கியர் மாற்றுவதே அதன் விலைக்குக் காரணம் என்று மறுவாதம். ஃபோர்க்கை ஃபிரேமில் சுழல வைக்கும் ஹெட்செட் ஃபோர்க்கின் பாகமா, தனிப் பாகமா? மின் சைக்கிள் பாகம் வந்தால் இன்னும் சிக்கல். மோட்டார் 8501, லித்தியம் பேட்டரி 8507.60, இந்த இரண்டிலும் குழப்பம் குறைவு. ஆனால் மின் சைக்கிள் 8711.60 என்ற மோட்டார் சைக்கிள் தலைப்பில் இருப்பதால், அதற்கென்றே செய்த ஃபிரேம் 8714.10க்குப் போக வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் பொருந்தும் ஃபிரேம் என்றால் பதினேழாம் பிரிவின் மூன்றாவது குறிப்பு சொல்லும் 'முதன்மைப் பயன்பாடு' என்ற அளவுகோல் வரும். 2021இல் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில் ரயில்வே சிக்னலுக்கான ரிலேக்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த முதன்மைப் பயன்பாட்டைத்தான் முன்னிறுத்தியது. அதைப் பிடித்துக்கொண்டு எல்லா வாகனப் பாகங்களையும் வாகனத் தலைப்புக்கே இழுக்கும் போக்கு கிளம்பியது. 2022 ஜனவரியில் மத்திய மறைமுக வரிகள் வாரியம், பிரிவுக் குறிப்புகளையும் முந்தைய தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. ஆகவே பழைய தீர்ப்பு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு சந்தேகப் பாகத்தை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, முழு சைக்கிள் பயம். அது நியாயமான பயம். வகைப்பாட்டின் 2(அ) விதி, பிரித்துக் கொண்டுவந்தாலும் முழுமையான பொருளின் அடிப்படைத் தன்மை இருந்தால் அது முழுப் பொருளே என்கிறது. ஒரே பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் சரக்கு ரசீதில்) 50 ஃபிரேம், 50 ஃபோர்க், 50 ஜோடி வீல், 50 கியர் செட், 50 ஹேண்டில்பார் வந்தால், சீட்டும் பெடலும் இல்லை என்பதற்காக அது பாகமாகிவிடாது. நல்ல ரக சைக்கிளைப் பெடல் இல்லாமலே விற்பது அந்தத் தொழிலின் வழக்கம் என்று அதிகாரிக்கும் தெரியும். முழு சைக்கிளுக்கான அடிப்படை வரியை 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35க்கு உயர்த்தினார்கள் (2025 பட்ஜெட்டில் அந்த விகிதம் மறுபடி மாறியது). முழு சைக்கிளுக்கும் பாகங்களுக்கும் வரியில் வித்தியாசம் இருக்கும்போது இந்த விதியை அவர்கள் தேடிப் பார்க்கத்தான் செய்வார்கள். வரி விகிதத்தைப் பழைய கட்டுரையிலிருந்து எடுக்காதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி போடும் நாளின் அட்டவணையைப் பாருங்கள். வெவ்வேறு நாளில், வெவ்வேறு சரக்காக வந்த பாகங்களை ஒன்றாகக் கூட்டி முழுப் பொருள் என்று சொல்ல முடியாது என்று 2008இல் சோனி இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கலர் டிவி பாகங்கள் பற்றிய வழக்கு. அந்தத் தீர்ப்பு இருக்கிறதே என்று, ஒரே ஆர்டரை வேண்டுமென்றே மூன்றாகப் பிரித்து வரவழைக்க யோசிக்காதீர்கள். 'வரிக்காகப் பிரித்து அனுப்பு' என்று வியாபாரிக்குப் போன ஒரு மின்னஞ்சல் போதும், தீர்ப்பு காப்பாற்றுமா என்பதே வழக்காகிவிடும். உங்கள் பட்டியலில் ஃபிரேம் 12, டயர் 200, செயின் 300 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத எண்ணிக்கையில் கடைக்கு விற்பனைச் சரக்காக வருகிறது என்றால், அதில் இந்த விதிக்கு வேலை இல்லை. ஃபிரேமும் ஃபோர்க்கும் வீலும் மட்டும் சம எண்ணிக்கையில் வந்தால்? அங்கே அடிப்படைத் தன்மை வந்துவிட்டதா என்பது வாதத்துக்கு உரிய இடம். அந்த மாதிரி ஆர்டர் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நாடு. வாங்கிய நாடும் கப்பல் ஏறிய நாடும் செய்த நாடும் மூன்று வெவ்வேறு விவரங்கள். பிராண்டின் நாடு இவை எதிலும் சேராது. ஷிமானோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1921இல் ஜப்பானின் சாகாய் நகரில் தொடங்கிய நிறுவனம். 1973 முதலே சிங்கப்பூரில் அதற்கு ஆலை உண்டு, மலேசியாவிலும் சீனாவிலும் செய்கிறார்கள். ஜப்பானிய பிராண்டின் டிரெய்லியரைத் தைவான் வியாபாரியிடம் வாங்கினாலும், மலேசியாவில் செய்திருந்தால் அது மலேசியப் பொருள். தைவான் கிடங்கில் மூன்று மாதம் கிடந்ததால் தைவான் பொருள் ஆகாது. ஆகவே உங்கள் பில் ஆஃப் என்ட்ரியில் ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக நாடு எழுதுங்கள். இன்வாய்ஸையும் அப்படியே திருத்தி அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அனுப்ப மறுக்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இது சலுகை எதுவும் கேட்காத சாதாரண இறக்குமதிக்கு. 'மலேசியா ஆசியானில்தானே இருக்கிறது, சலுகை வரி கிடைக்குமா' என்று அடுத்து தோன்றும். 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியா-ஆசியான் ஒப்பந்தத்தின் பொது விதி இரண்டு நிபந்தனை வைக்கிறது: மதிப்பில் 35 சதவீதமாவது அந்த வட்டார நாடுகளில் உருவாகியிருக்க வேண்டும்; அதோடு, வெளியிலிருந்து வந்த மூலப்பொருளின் ஆறு இலக்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். உங்கள் எண்ணுக்குச் சலுகை அறிவிக்கையில் இடம் உண்டா என்பதை அதற்கும் முன்னால் பார்க்க வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் உங்கள் சரக்கு நேரடி அனுப்புதல் என்ற படியில் நின்றுவிடும். மூன்றாம் நாட்டு வியாபாரி இன்வாய்ஸ் போடுவதை ஒப்பந்தம் அனுமதிக்கிறது. ஆனால் பொருள் மலேசியாவிலிருந்து நேராக வர வேண்டும், அல்லது வழியில் கப்பல் மாறுவதற்கு மட்டும் நின்றிருக்க வேண்டும். தைவானில் இறக்கி, அங்கே வியாபாரச் சரக்காகி, வேறு பொருளோடு கலந்து மறுபடி ஏறினால் சலுகை போய்விடும். அது மலேசியப் பொருளாகவே இருக்கும். சலுகை மட்டும் கிடைக்காது. சீனத்தோடு நமக்கு உள்ள ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தம் குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டுமானது. தைவானோடு சலுகை ஒப்பந்தமே இல்லை.

மூலப்பொருளின் எண் மாற வேண்டும் என்ற விதி எப்படிக் கடிக்கும் என்பதை நான் நேரில் பட்டிருக்கிறேன். ஒரு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கேட்டு ஒருவருக்குப் பெடல் கிளியர் செய்தோம். சான்றிதழ் அசல், முத்திரை அசல், மதிப்பு 35 சதவீதத்துக்கு மேல். சலுகை கேட்பவர் பொருள் எங்கே, எப்படிச் செய்யப்பட்டது என்ற விவரத்தை வைத்திருக்க வேண்டும் என்னும், 2020 செப்டம்பர் 21இல் அமலுக்கு வந்த கரோடார் (CAROTAR) விதிகளின்படி உற்பத்தி விவரத்தைக் கேட்டு அதிகாரி கடிதம் அனுப்பினார். ஏற்றுமதி செய்தவர் அனுப்பிய பதிலில், பெடல் உடலும் அச்சும் சீனாவிலிருந்து வந்து அங்கே கோக்கப்பட்டவை என்று இருந்தது. பெடல் 8714.96. பெடலின் பாகமும் 8714.96, ஏனென்றால் அந்த எண்ணின் விவரமே 'பெடல், கிராங்க், அவற்றின் பாகங்கள்' என்றுதான் தொடங்குகிறது. எண் மாறவே இல்லை. சலுகை போனது, வட்டியோடு கட்டினோம். ஆர்டர் போடும் முன்னாலேயே அந்த உற்பத்தி விவரத்தை நான் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பணம் அவருடைய ஒரு வருட லாபம். இன்றைக்கும் அது என் மனதில் இருக்கிறது. பிரேக்குக்கும் ஃபிரேமுக்கும் இதே கண்ணி உண்டு, அந்த எண்களின் விவரத்திலும் 'பாகங்கள்' என்ற சொல் இருக்கிறது. ரிம், ஸ்போக்ஸ், ஹப் மூன்றையும் கோத்து வீலாக்கினால் 92இலிருந்தும் 93இலிருந்தும் 99க்கு எண் மாறுகிறது, அங்கே மதிப்புதான் கேள்வி. எஃகுக் குழாயை வெட்டி வெல்டு வைத்து ஃபிரேமாக்கினால் சந்தேகமே இல்லை. வேறு நாட்டு ஃபிரேமுக்குப் பெயின்ட் அடித்து ஸ்டிக்கர் ஒட்டினால் நாடு மாறாது.

செய்த நாட்டைத் தோண்டிப் பார்ப்பது நம் அதிகாரிகளின் வழக்கம் மட்டும் இல்லை. சீன சைக்கிளுக்கு 48.5 சதவீதக் குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலையில் கொண்டுவந்து குவிப்பதைத் தடுக்கும் வரி) வைத்திருந்த ஐரோப்பிய ஒன்றியம், 2013 மே மாதம் அதை இந்தோனேசியா, மலேசியா, இலங்கை, துனிசியாவிலிருந்து வந்த சைக்கிள்களுக்கும் நீட்டியது. சீனப் பாகங்களை அங்கே கோத்து அனுப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. பாகங்களின் மொத்த மதிப்பில் 60 சதவீதமோ அதற்கு மேலோ சீனாவுடையதா என்று கணக்குப் பார்த்தார்கள். இலங்கை நிறுவனம் ஒன்று நீதிமன்றம் போய், போதிய ஆதாரம் இல்லை என்று தன் அளவில் அந்த முடிவை ரத்து செய்யவும் வைத்தது. ஒவ்வொரு பாகத்தின் மூலத்துக்கும் காகிதம் வைத்திருப்பவர்தான் அப்படி வாதாட முடியும்.

நடைமுறைக்கு வருகிறேன். 2020 ஜூன் மாதம் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீடு இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. உங்கள் சரக்கு சென்னையில் நிற்கும், கணினியில் அதைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருப்பார். முன்பு மாதிரி பெட்டியைத் திறந்து காட்டிப் புரியவைக்க முடியாது. ஆகவே 'சைக்கிள் பார்ட்ஸ்' என்று இரண்டு சொல்லில் எழுதாமல், 'சைக்கிளுக்கான பின்பக்க டிரெய்லியர், 9 வேகம், மாடல் எண் இன்னது, மலேசியாவில் செய்தது' என்று எழுதுங்கள். பாதிக் கேள்விகள் அங்கேயே நின்றுவிடும். செயின் மாதிரி சந்தேகப் பொருளுக்குச் சுங்க முன்கூட்டிய தீர்ப்பு ஆணையத்துக்கு இறக்குமதிக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 10,000 ரூபாய். சட்டமோ சூழலோ மாறாவிட்டால் தீர்ப்பு சில வருடங்கள் செல்லும். சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு அது கட்டுப்படியாகாது என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் உங்கள் வாதத்தை ஒரு பக்கத்தில் எழுதி பில் ஆஃப் என்ட்ரியோடு இணைத்து ஏற்றிவிடுங்கள். மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்த தவறுக்குச் சுங்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி இரண்டு வருடம்வரைதான் கேட்க முடியும். மறைத்தது என்று வந்தால் ஐந்து வருடம், அதோடு வரிக்குச் சமமான அபராதமும்.

ஜிஎஸ்டி பக்கம் 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளும் அதன் பாகங்களும் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. ஆனால் அது சைக்கிள் பாகம் என்ற வகைக்குள் வருபவற்றுக்கு. பூட்டும் பம்பும் போல்ட்டும் அவரவர் எண்ணின் விகிதத்தில்தான் போகும். எல்லாவற்றையும் 8714இல் போட்டால் இங்கேயும் குறைவாகக் கட்டியதாகிவிடும். சில்லறைப் பெட்டியில் வருவதற்கு இன்னொன்றும் உண்டு. 2011ஆம் வருடப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, செய்த நாடு எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் மலேசியா, உங்கள் ஸ்டிக்கரில் தைவான் என்று ஒட்டி அது கடையில் தொங்கினால், கஸ்டம்ஸ் பார்க்காததை எடையளவு அதிகாரி பார்ப்பார்.

முதல் சரக்கு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி வியாபாரியிடம் கேளுங்கள். அந்தப் படங்களோடு மாடல் எண் பட்டியலையும் இங்கே போட்டால், எது உறுதி, எது வாதத்துக்கு உரியது என்று வரிசை வரிசையாகப் பிரித்துச் சொல்கிறேன். லீவரும் ஹெட்செட்டும் இருந்தால் அவற்றின் பிரித்த படமும் வேண்டும்.